புழு மனையில் கேட்ட கதைகள்

டொரோத்தியா ஃபீமானின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். தலையை இறுக்கிப் பிடித்த துணிக்குல்லாய், உழைத்து ஒட்டிப்போன கன்னம், எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்கிற கண். 1755இல் பிறந்தவர். ஜெர்மனியில் காஸல் நகரத்தை அடுத்த சாலையோரச் சத்திரம் ஒன்றை நடத்தியவரின் மகள். வழிப்போக்கர்கள் தங்கிப் போகிற இடத்தில் வளர்ந்து, தையல்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகுட்டிகளோடு கஷ்டப்பட்டவர். தோட்டத்தில் விளைந்ததைச் சுமந்துகொண்டு நகரத்துக்கு விற்க வருவார். 1813இல் அப்படி வந்தவர், யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்ற அண்ணன் தம்பிக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட கதைகள் அவர் வாயிலிருந்து அவர்கள் ஏட்டுக்குப் போயின. 1815இல் அவர்களுடைய கதைத்தொகுப்பின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அந்த வருஷம் நவம்பரிலேயே அவர் இறந்துபோனார். ஆனால் முகம் போகவில்லை. கிரிம் சகோதரர்களின் தம்பி லுட்விக் எமில் அவரை உட்காரவைத்துப் படம் வரைந்திருந்தார். 1819இல் வந்த மறுபதிப்பில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அவர் நிதானமாகச் சொல்வார் என்பதும், எங்காவது பிசகினால் தானே நிறுத்தித் திருத்திக்கொள்வார் என்பதும்கூட முன்னுரையில் இருக்கின்றன.

என் பாட்டிக்கு, எங்கள் வழக்கில் ஆயாவுக்கு, இருப்பது வாக்காளர் அடையாள அட்டையில் ஒட்டிய படம் ஒன்றுதான். அதில் வாய் இறுக மூடியிருக்கிறது. அந்த வாய் மூடியிருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, ஆயாவை நினைக்கும்போது எனக்கு அந்தப் படம் ஞாபகம் வருவதே இல்லை.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம். மானாவாரிக் காட்டில் ராகியும் கடலையும், கிணறு இருந்தால் மல்பெரி. மல்பெரி போட்டவர்கள் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூடு கட்டியதும் மூட்டை பிடித்துத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு எடுத்துப் போனார்கள். புழு நாலு தரம் தோலுரித்த பிறகு வருகிற கடைசிப் பருவம் ஏழெட்டு நாள் நீளும். தன் ஆயுளுக்குத் தின்னும் இலையில் ஐந்தில் நாலு பங்கை அந்த ஒரு வாரத்தில் தின்று தீர்க்கும். இராத்திரியும் எழுந்து இலை போட வேண்டும். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகப் படுத்ததில்லை. அடுக்கடுக்காகத் தட்டுகள், நடுவே ஒரு அரிக்கேன் விளக்கு, இலை கிள்ளுகிற கைகள். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக இலை தின்றால் ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஆயா கதை சொல்லும்.

"உம் கொட்டு புள்ள. கொட்டலன்னா நிறுத்திப்புடுவேன்."

உம் கொட்டுவது சும்மா மரியாதைக்கு இல்லை. கேட்கிறவர்களில் யார் தூங்கிவிட்டார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று ஆயா அதை வைத்தே கணக்குப் போடும். சின்னப்பிள்ளைகளின் உம் ஒவ்வொன்றாக அடங்கியதும், குரலைத் தாழ்த்தி, பெரிய பொம்பளைகளுக்கான கதைகளை எடுக்கும். தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு அவற்றில் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். அத்தைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும். சந்தையில் ஒரு பேரம் மூன்று பாஷையில் நடந்து முடியும். ஆயாவின் கதையும் அப்படித்தான். ராஜா, கூத்து மேடையில் கேட்ட தமிழில் இழுத்து இழுத்துப் பேசுவார். செட்டி தெலுங்கில் பேசுவான். ராட்சசன் கன்னடத்தில் உறுமுவான். ஏன் ராட்சசனுக்கு மட்டும் கன்னடம் என்று நான் கேட்டதற்கு, "அவன் காவேரிக்கு அக்கரையிலிருந்து வர்றானில்ல" என்றது ஆயா. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போய் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னடச் சீமை. கதைக்குள்ளும் நில அமைப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆயா அடிக்கடி சொன்ன கதை பொய் ஜோசியக்காரன் கதை. ஒரு சோம்பேறி. பொண்டாட்டி விரட்டிவிடுகிறாள். அதியமான்கோட்டை ராஜாவிடம் போய், எனக்கு முக்காலமும் தெரியும் என்று அளந்துவிடுகிறான். வேளாவேளைக்கு நெய்யும் சோறும். ஒருநாள் ராணியின் அட்டிகை காணாமல் போகிறது. விடிவதற்குள் திருடனைச் சொல், சொல்லாவிட்டால் தலை போகும் என்று ஓர் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். அவன் அழுதுகொண்டே தன் நாக்கைத் திட்டுகிறான்: "நாக்கே, பாழாப்போன நாக்கே, ருசிக்கு ஆசைப்பட்டு இந்த வேலை பண்ணிட்டியே, விடிஞ்சா நீ செத்த!" கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறாள் அட்டிகையைத் திருடிய வேலைக்காரி. அவள் பேர் நாகி. தன்னைத்தான் சொல்கிறான் என்று நடுங்கிப்போய், கதவிடுக்கில் விழுந்து கும்பிட்டு, அட்டிகை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறாள். இந்த இடத்தில் ஆயா இரண்டு குரலில் பேசும். உள்ளே அழுகிறவன் குரல், வெளியே நடுங்குகிறவள் குரல். இலை கிள்ளுகிற கை மட்டும் நிற்காது.

பிற்காலத்தில் வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபோன பிறகுதான் கிரிம் கதைகளை முழுசாகப் படித்தேன். 1812 டிசம்பரில் வந்த முதல் பாகத்தில் 86 கதைகள், 1815இல் வந்த இரண்டாம் பாகத்தில் 70. வில்ஹெல்ம் விடாமல் சேர்த்தும் திருத்தியும் வர, 1857இல் ஏழாம் பதிப்பில் 200 கதைகள், அவற்றோடு குழந்தைகளுக்கான பத்துப் புனிதக் கதைகள். அதில் 98ஆவது கதையைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நண்டு என்று பேர் கொண்ட குடியானவன் ஒருவன், டாக்டர் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, தானும் எல்லாம் தெரிந்த டாக்டர் என்று பலகை மாட்டிக்கொள்கிறான். பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் பணம் திருட்டுப் போகிறது. விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். பரிமாறுகிற ஆள் முதல் தட்டைக் கொண்டுவரும்போது பக்கத்திலிருக்கும் பொண்டாட்டியிடம், "இது முதலாவது" என்கிறான். அவன் சொன்னது தட்டை. வேலைக்காரர்களோ தங்களைத்தான் எண்ணுகிறான் என்று பயந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கதையைச் சொன்னவர் டொரோத்தியா ஃபீமான்.

அதற்கும் முன்னால், 11ஆம் நூற்றாண்டில், காஷ்மீரத்து ராணி சூரியவதிக்காகச் சோமதேவர் வடமொழியில் செய்த கதாசரித்சாகரத்தில் ஹரிசர்மன் என்று ஒருவன் வருகிறான். அவனும் பொய் ஜோசியன். அவனும் அறைக்குள் உட்கார்ந்து தன் நாக்கை நொந்துகொள்கிறான். அங்கே திருடிய வேலைக்காரியின் பேர் ஜிஹ்வா, அதாவது நாக்கு. சோமதேவருக்கு மூலம் குணாட்டியரின் பிருகத்கதை. அதே பிருகத்கதைதான் கொங்குவேளிர் கையில் தமிழில் பெருங்கதை ஆயிற்று. தியோடர் பென்ஃபி என்ற ஜெர்மானியர் 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து, ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போனவை என்று வாதாடினார். பிறகு வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. எனக்கும் எங்கிருந்து எங்கே போயிற்று என்பதில் பெரிய அக்கறை இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத என் ஆயாவும், காஸலுக்குக் காய்கறி சுமந்த அந்த அம்மாவும், காஷ்மீரத்துப் பண்டிதரும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அது போதும். நாகியின் கதை ஒருநாளும் தொலையாது. பாலக்கோட்டில் மறந்தாலும் பாரிஸில் எவரோ அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தொலைந்தது சொன்ன விதம். நாகி நடுங்கிய குரல் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

கிரிம் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய்க் குடிசை வாசலில் உட்கார்ந்து கதை கேட்டார்கள் என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. நிஜத்தில் கதைகள்தான் அவர்கள் வீட்டுக்கு நடந்து வந்தன. முதல் பாகத்துக்குக் கதை தந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான வீட்டு இளம்பெண்கள். அக்கம்பக்கத்து மருந்துக்கடைக்காரர் வீல்டின் பெண்கள் நிறையச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தியான டோர்ட்சனை 1825இல் வில்ஹெல்ம் கல்யாணமே செய்துகொண்டார். ஹாசன்ஃப்ளூக் வீட்டுப் பெண்களின் முன்னோர் பிரான்சிலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்டு வந்தவர்கள். ஃபீமான் அம்மாவின் தகப்பன் வழியும் அதுவே. யோஹான் ஃப்ரீட்ரிக் கிராவ்ஸ என்ற ஓய்வுபெற்ற குதிரைப்படைக்காரர் கதைக்குப் பதிலாகப் பழைய கால்சட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். இந்தத் துணுக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். ஒரு கதைக்கு இன்ன விலை என்று கேட்டு வாங்கிய மனிதர்! எங்கள் ஆயாவுக்குக் கதைக்கூலி வெற்றிலைபாக்கு. அதையும் என் தாத்தா முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கி வருவார்.

சகோதரர்கள் வைத்திருந்த சொந்தப் பிரதிகள் காஸலில் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எந்தக் கதையை யார் சொன்னார் என்று பக்க ஓரங்களில் கையால் குறித்து வைத்திருக்கிறார்கள். அச்சிட்ட கதையில் வில்ஹெல்ம் நிறையக் கைவைத்தார். முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்தவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ராபன்ஸல், என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிவிட்டது என்று வெகுளியாகக் கேட்கிற இடத்தைப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டார். என் ஆயாவாக இருந்தால் எடுத்திருக்காது, பிள்ளைகள் தூங்கும் வரை காத்திருக்கும். ஆனாலும் அந்த ஓரக்குறிப்புகளுக்காக நான் வில்ஹெல்முக்கு எதையும் மன்னிப்பேன். கதையை மெருகேற்றியவர், சொன்னவர் பேரை அழிக்கவில்லை.

அவர்கள் அந்த வேலையைச் செய்த காலம் நல்ல காலமும் இல்லை. 1807 முதல் 1813 வரை காஸல், நெப்போலியனின் தம்பி ஜெரோமுக்குத் தலைநகரம். யாக்கோப் அந்த அந்நிய ராஜாவுக்கு நூலகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சொந்த ஜனங்களின் பேச்சைச் சேர்த்து வைத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தருமபுரிப் பக்கம் அடங்கிய பாராமகாலும் கை மாறியிருந்தது. 1792இல் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை அது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, வரி விதித்தார்கள். மன்றோ தருமபுரியில் இருந்துதான் வேலை பார்த்தார். அந்தக் கணக்குகள் பாராமகால் ஆவணங்களாக அச்சில் இருக்கின்றன. எந்தக் காடு புன்செய், எந்தக் காடு நன்செய் என்று இருநூறு வருஷம் கழித்தும் பார்க்கலாம். அந்தக் காலத்து இராத்திரிகளில் பென்னாகரத்துத் திண்ணையில் எந்தக் கிழவி எந்தக் கதையைச் சொன்னாள் என்று பார்க்க எனக்கு வழியில்லை.

நம்மிடம் சேகரித்தவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். அரசாங்கத் தொல்லியல் துறையில் வேலை பார்த்த பண்டித நடேச சாஸ்திரி 1884 முதல் தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் பல கதைகள் நமக்கு எழுத்தில் வந்திருக்காது. ஆனால் வெள்ளைக்காரத் துரைமார் படிப்பதற்காக எழுதிய மொழியில் உம் கொட்டவோ, இரண்டு குரலில் பேசவோ இடமில்லை. 1868இல் மேரி ஃப்ரியர் தக்காணத்துக் கதைகளைப் புத்தகமாகப் போட்டார். பம்பாய் கவர்னரின் மகள். அப்பாவோடு சுற்றுப்பயணம் போனபோது ஆயா வேலை பார்த்த அன்னா லிபராட்டா டி சூசா சொன்ன கதைகள் அவை. கவர்னர் மகள் ஒரு நல்ல காரியம் செய்தார்: அன்னாவின் வாழ்க்கையையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிப் புத்தகத்தின் முகப்பில் வைத்தார். தன் பாட்டி கதை சொன்ன விதத்தையும், இப்போது பெரியவர்கள் கதை சொல்வதை விட்டுவிட்டு வேறு கவலைகளில் இருப்பதையும் அன்னா அதில் சொல்லி வருந்துகிறார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே! கிரிம் சகோதரர்களும் 1812 முன்னுரையில் இதையேதான் எழுதினார்கள், சொல்கிறவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள், இப்போது சேர்த்தால்தான் உண்டு என்று. எல்லாத் தலைமுறையும் இப்படிப் புலம்பியிருக்கிறதே, ஆகவே உன் புலம்பலும் ஒரு பழக்கம்தான் என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அன்னா சொன்னதும் நிஜம். அவருடைய பாட்டி திரும்பி வரவில்லை.

கி. ராஜநாராயணன் ஒருவர்தான் என் ஏக்கத்தைத் தீர்க்கப் பக்கத்தில் வந்தார். கரிசல் காட்டுக் கதைகளை ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார்; பெரியவர்களுக்கான கதைகளையும் ஒளிக்காமல் தனிப் புத்தகமாகப் போட்டார். அவருடைய நாட்டுப்புறக் கதைக் களஞ்சியத்தைப் படிக்கும்போது யாரோ எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மெல்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது அவர் ஊரான இடைசெவலின் வெற்றிலை. எங்கள் ராட்சசனின் கன்னடம் அதில் வர நியாயமில்லை.

கதை ஏன் நின்றது என்று கேட்டால் எல்லாரும் டிவியையும் போனையும் கைகாட்டுகிறார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஜெர்மானியக் கதைகளில் எங்கே திரும்பினாலும் ராட்டையும் கதிரும் வரும். தூங்கும் இளவரசியின் விரலில் குத்துவது கதிர்; வைக்கோலைப் பொன்னாக நூற்க வேண்டிய பெண் ஒருத்தி; நூற்று நூற்று உதடும் கட்டைவிரலும் பெருத்த மூன்று கிழவிகள். குளிர்காலத்து இராத்திரிகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி நூல் நூற்றுக்கொண்டே சொன்ன கதைகள் அவை. கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் இருந்த இடத்தில் கதை வளர்ந்தது. நூற்பாலை வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. இலை இலையாகக் கிள்ளித் தட்டில் போட்ட காலம் போய், மல்பெரியைத் தண்டோடு வெட்டிப் பரணில் பரப்புகிற முறை வந்தது. பத்துக் கை வேலையை இரண்டு கை முடித்தது. அத்தைகளுக்கு அது பெரிய விடுதலை. இடுப்பு வலி குறைந்தது, தூக்கம் கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடலை உரிக்க மெஷின் வந்தது. பையன்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள், நானும் ஏறினேன். டிவி வந்தபோது கூட்டம் ஏற்கெனவே கலைந்திருந்தது. இன்றைக்கும் தருமபுரிப் பக்கம் பெண்கள் கும்பலாக உட்கார்ந்து கையால் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை புளியில் மிச்சமிருக்கிறது. போன வருஷம் ஒரு களத்தில் போய் உட்கார்ந்து, கதை ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒரு பாட்டி, "உன் கதைய நீ சொல்லு சாமி, நாங்க உம் கொட்றோம்" என்றார். நாகி கதையைச் சொன்னேன். எனக்கு அந்த இரண்டு குரல் வரவில்லை. ஆனாலும் களம் முழுக்க உம் கொட்டினார்கள். சின்ன வயசுக்கப்புறம் அந்த ஒலியை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆயாவின் கதைகளில் பெரும்பாலானவற்றை இப்போது எங்காவது கண்டுபிடித்துவிட்டேன். சிலது கிரிமில், சிலது கதாசரித்சாகரத்தில், சிலது மதனகாமராஜன் கதையில், சிலது கி.ரா.விடம். ஒன்று மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. தெரிந்த மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா, தங்கை இரண்டு பேர். அக்காவைக் காவேரிக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வருஷங்கள் போகின்றன, சேதி இல்லை. தங்கை, மூன்று படி ராகி மாவை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கக் கிளம்புகிறாள். ஒகேனக்கல் துறையில் ஒரு பரிசல்காரன். காசு வேண்டாம், கேள்விக்குப் பதில் சொன்னால் பரிசல் நகரும், சொல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும் என்கிறான். முதல் கேள்வி கரையில்: ஆற்றில் விழுந்தும் நனையாதது எது? நிழல் என்கிறாள். பரிசல் நகர்கிறது. இரண்டாவது நடு ஆற்றில்: பெற்றவளைவிட்டுப் பிரிந்தால் பிழைக்கும், பிரியாவிட்டால் கெடும், அது எது? நாற்று என்கிறாள். பரிசல் அக்கரைக்குப் பக்கத்தில் போகிறது. பாறையில் நின்றுகொண்டு அக்கா கைநீட்டுவது தெரிகிறது. அங்கே அவன் மூன்றாவது கேள்வியைக் கேட்கிறான். தங்கை பதில் சொல்லாமல், மாவு மூட்டையை அவிழ்த்து ஆற்றில் கொட்டுகிறாள்.

அந்தக் கேள்வி என்ன என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஓசூரிலிருக்கும் அத்தை, பரிசல்காரன் எமன், அக்கா எப்போதோ செத்துப்போனவள், அதனால் கேள்வி உயிரைப் பற்றியதாக இருக்கும் என்கிறார். சித்தப்பா, கேள்வியே இரண்டுதான், மூன்றாவது என்று ஆயா கேட்டதே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். என் தம்பிக்குக் கதையே ஞாபகமில்லை. ஆனால் மாவைக் கொட்டுகிற இடத்தில் தான் அழுதது ஞாபகமிருக்கிறதாம். பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கம் யார் வீட்டிலாவது இந்தக் கதையை முழுசாகச் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், மூன்றாவது கேள்வியோடு, சொன்னவர் பேரையும் ஊரையும் அவர் அப்போது கையில் என்ன வேலை வைத்திருந்தார் என்பதையும் எனக்குச் சொல்லுங்கள்.